ஆடிட் நாள் லாரி

மும்பையில், நிதித் துறைக்கென்றே முதுகலைப் படிப்பு நடத்தும் ஒரு கல்லூரிக்கு நான் இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண். கிண்டியில் ஒரு ஓட்டலின் கூட்ட அறையில் நேர்முகம் நடந்தது. இரண்டு பேர் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன், இடம் கிடைக்கவில்லை.

அப்போது நான் ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கான இரும்புச் சட்டம் செய்யும் ஆலையில் தரப் பிரிவுப் பொறியாளராக இருந்தேன். வாலாஜாபாத்தில் வீடு, கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். எதையும் வரிசை போட்டு யோசிப்பது என் பழக்கம். மளிகைக்குப் பட்டியல் எழுதினாலும் கடைக்குள் எந்த அலமாரி முதலில் வருமோ அந்த வரிசையில்தான் எழுதுவேன். நேர்முகத்துக்கும் அப்படித்தான் தயாரானேன். "ஏன் இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்?" என்ற கேள்விக்கு மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். எண்களில் ஆர்வம், பகுத்துப் பார்க்கும் பயிற்சி, பெரிய நிறுவனங்களின் முடிவுகளில் பங்கெடுக்கும் விருப்பம். மூன்றையும் தடுமாறாமல் சொன்னேன். இருவரும் தலையாட்டினார்கள். நான் வெளியே வந்து கதவைச் சாத்தும்போது அடுத்த விண்ணப்பத்தைப் புரட்டத் தொடங்கியிருந்தார்கள்.

வீட்டில் இந்தப் படிப்பை விளக்குவது நேர்முகத்தைவிடக் கஷ்டம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது அதற்கு என்ன விலை சரி என்று கணக்கிட்டு, பேரத்தை முடித்துக்கொடுக்கும் வேலை என்றேன். அப்பா உரக்கடையில் வேலை செய்பவர். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பிளாட் புரோக்கர் மாதிரின்னு சொல்லு. அதுக்கு இன்னாத்துக்கு மும்பை? படப்பையில தடுக்கி விழுந்தா புரோக்கர்தான்."

அம்மா அவரை அதட்டினாள். ஆனால் அவர் சொன்னது அவ்வளவு தப்பில்லை.

இடம் கிடைக்காத செய்தி வந்த பிறகு என் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். குஜராத்தில் எங்கள் கம்பெனி புதிதாக ஆலை தொடங்கியது. அங்கே தரப் பிரிவை அமைத்து நடத்தும் பொறுப்பை எனக்குத் தருவதாகச் சொன்னார். என் வயதில் யாருக்கும் அப்படிப்பட்ட வேலை கிடைத்ததில்லை. இன்னொரு தடவை முயன்று பார்க்கிறேன் சார், என்றேன்.

"சரி, ஒரு தடவை. ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்தப் போஸ்ட்டை நான் நிறுத்தி வைக்கிறேன். வரலைன்னா நீ குஜராத். மறுபடி 'அடுத்த வருஷம் சார்'னு இந்த டேபிள் முன்னாடி வந்து நிக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். குஜராத் மோசமான வேலை அல்ல. ஆனால் அதை ஏற்றால் ஐந்தாறு வருடம் அதிலேயே போகும். அதற்குப் பிறகு அந்தக் கல்லூரி அந்த வயதுக்காரர்களைத் திரும்பிப் பார்க்காது. ஆகவே அந்த இரண்டாவது முறைதான் எனக்குக் கடைசி முறை.

நான் ஏன் இந்தத் துறையை விரும்பினேன் என்பதற்கு உண்மையான காரணம் அந்த மூன்றில் எதுவும் இல்லை. காரணம் ஒரு லாரி.

எங்கள் பகுதியில் பாகங்கள் செய்யும் ஆலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கார் கம்பெனியிலிருந்து தரம் பார்க்கும் ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால், தரையில் மஞ்சள் கோடு புதிதாக அடிக்கப்படும், தோட்டத்துக்குத் தண்ணீர் விடப்படும், கண்ணில் படக்கூடாத சரக்கு எல்லாம் ஒரு லாரியில் ஏறும். மறுபடி வெல்டிங் வைக்க வேண்டியது, எண்ணிக்கைக்கு மேல் செய்துவிட்டது, எந்த மாடலுக்கு என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதது. தார்ப்பாய் கட்டி அந்த லாரி வெளியே போய்விடும். ஆடிட்டர் கார் ஏறிப் போன பிறகு திரும்பி வரும். எங்கள் லாரி வாலாஜாபாத் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிற்கும். பழுதான சரக்கு எதுவும் கார் கம்பெனிக்குப் போனதில்லை. நாங்கள் மறைத்தது குப்பைகூளத்தைத்தான். விருந்தாளி வந்தால் துணி மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளுவது போல.

லாரியோடு ஒரு விதியும் உண்டு. ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அதைப் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுவார். ஒரகடத்துக்காரர், அவர் குடும்பத்து நிலத்தின்மேல்தான் பக்கத்துத் தொழிற்சாலை நிற்கிறது. "கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததுக்கு வாயத் தொறக்காத. அவன் 'டைம் இன்னா'ன்னு கேட்டா டைம் சொல்லு. வாட்ச் எங்க வாங்கினன்னு சொல்லிகினு நிக்காத."

நான் முதல் முறை விண்ணப்பிப்பதற்கு முன்பு ஒரு நாள், தலைமை அலுவலகத்திலிருந்து, முக்கியமான விருந்தினர்கள் வருகிறார்கள், ஆலையைத் தயார் செய்யவும் என்று மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்தது. யார், எதற்கு என்று இல்லை. எங்களுக்குத் தெரிந்த தயாரிப்பு ஒன்றுதான். கோடு அடித்தோம். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டோம். லாரியை நிரப்பி அனுப்பினோம். இந்த முறை ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் உற்சாகத்தில் நல்ல சரக்கிலும் பாதியை ஏற்றிவிட்டார். உற்பத்திக் கூடத்தில் பந்து விளையாடலாம் போலிருந்தது.

வந்தது மூன்று பேர். இரண்டு பேர் கணக்குத் தணிக்கைக்காரர்கள். மூன்றாவது என் வயதுள்ள ஒரு பெண். பாதுகாப்புக் காலணி பெரிதாக இருந்ததால் இழுத்து இழுத்து நடந்தாள். அவர்களைச் சுற்றிக்காட்டும் வேலை எனக்கு. கூடத்தைப் பார்த்ததும் மூவரும் பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு தணிக்கைக்காரர் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார், மறுபடி தாள்களைப் பார்த்தார்.

"உங்க கணக்குப்படி இங்கே இதைப்போல ரெண்டு மடங்கு சரக்கு இருக்கணுமே. மீதி எங்கே?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் தரம் பார்க்கும் ஆடிட்டர்கள் அல்ல, ஆலையை வாங்க வந்தவர்கள். எங்கள் ஆலையை ஒரு பெரிய நிறுவனம் விலைக்குக் கேட்டிருந்தது; அதற்காக விலை கணக்கிட வந்த முதலீட்டு வங்கிக்காரிதான் அந்தப் பெண். இருப்பில் உள்ள ஒவ்வொரு சட்டமும் விலையில் சேரும். தரம் பார்க்க வருபவருக்குக் காலிக் கூடம் அழகு. வாங்க வருபவருக்குக் காலிக் கூடம் என்றால், கணக்கில் பொய் என்று அர்த்தம்.

ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் என்னைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார். "இன்னாம்மா இது, இருக்கறத இல்லன்னு காட்டுனா தப்பு, இல்லாதத இருக்குதுன்னு காட்டுனாலும் தப்பு. வர்றவன் யாருன்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டானுங்களா?"

லாரி ஓட்டுநரை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். அதுக்குள்ள ஆடிட்டு முடிஞ்சிடுச்சா? நான் இப்பத்தான் துண்ட விரிச்சிப் படுத்துகினேன்."

"உடனே வாங்கண்ணே. சரக்கோட."

"சரக்கோடவா? சரக்கு அங்க இல்லாம இருக்கறதுக்குத்தான மேடம் நம்மள அனுப்புனாங்க?"

"இன்னைக்கு மாறிடுச்சு. வாங்க."

அவர் வந்தார். ஆனால் வாயிலில் காவலாளி விடவில்லை. அவரிடம் இருந்த உத்தரவு, விருந்தினர் போகும்வரை இந்த லாரி உள்ளே வரக்கூடாது என்பது. விருந்தினரே காத்திருக்கிறார்கள் என்று நான் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. தார்ப்பாயில் புளிய இலைகளோடு லாரி கூடத்துக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. சட்டங்கள் அடுக்கிய இரும்புத் தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்க, மூன்று பேரும் நின்று பார்த்தார்கள்.

அந்தப் பெண் என் பக்கம் வந்தாள். "இது எங்கே போயிருந்தது?"

விதிப்படி பதில், "வெளியே" என்பதுதான். நான் முழுவதையும் சொன்னேன். மின்னஞ்சல், லாரி, புளியமரம் எல்லாம். ஏன் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. சொல்லாவிட்டால் திருட்டு மாதிரி இருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு தொட்டியைக் காட்டிக் கேட்டாள்: "இது எந்த மாடலுக்கு? அந்த மாடல் இன்னும் ஓடுதா?" அடுத்த தொட்டியைக் காட்டினாள்: "இதை மறுபடி வெல்டிங் வெச்சா அப்படியே அனுப்பலாமா, இல்லை உடைச்சுப் போடணுமா?" எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. இது உயிரோடிருக்கும் மாடல், ஒரு வெல்டிங் போதும். இது நின்றுபோன மாடல், இனி இரும்பு விலைதான். இது நல்ல சரக்கு, பயத்தில் ஏற்றியது. நான் சொல்லச் சொல்ல அவள் மடிக்கணினியில் எண்களை மாற்றினாள். சிலது குறைந்தது, சிலது ஏறியது. எங்களுக்கு அசிங்கமாக இருந்த குவியல் அவள் திரையில் ஒரு விலையாக மாறிக்கொண்டிருந்தது. அந்த விலை நான் சொல்வதைப் பொறுத்திருந்தது.

"இந்த வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று அவளிடம் கேட்டேன். கல்லூரியின் பெயரைச் சொன்னாள்.

அவர்கள் போன பிறகு ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் தார்ப்பாயை மடித்துக்கொண்டே, "வாட்ச் எங்க வாங்கினேன்னு சொல்லிட்டியே," என்றார். ஆனால் விற்பனை முடிந்தது. வாயிலில் பலகை மாறியது. அவருடைய வேலையும் என்னுடைய வேலையும் அப்படியே இருந்தன.

இந்தக் கதையைத்தான் முதல் நேர்முகத்தில் நான் சொல்லவில்லை. சொல்லலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

இரண்டாவது முறைக்கு அழைப்பு வந்தபோது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்காரி பயிற்சி கொடுப்பதாகச் சொன்னாள். அவள் சங்கரன்கோவில் பக்கம். எங்கள் ஆலையில் வெல்டிங் லைனில் வேலை. வாலாஜாபாத்தில் வாடகை குறைவு என்று இரண்டு பெண்களோடு அறை எடுத்திருந்தாள். பேராசிரியர் மாதிரி பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு கேள்வித்தாளைப் பிடித்தாள்.

"எதுக்கும்மா இந்தப் படிப்புக்கு வாரே?"

நான் மூன்று காரணங்களையும் சொன்னேன். இந்த முறை அவற்றை இன்னும் செதுக்கியிருந்தேன்.

"ஏக்கா, போதும் நிறுத்து," என்றாள். "எனக்குத் தூக்கம் வருது. நீ ஆடிட்டர்கிட்ட பேசுத மாதிரில்லா பேசுத."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஆடிட் அன்னைக்குத் தொடச்சுப் போட்ட ஷாப் ஃப்ளோர் மாதிரி இருக்கு. ஒரு சாமானையும் காணும். எல்லாத்தையும் லாரில ஏத்தி விட்டுட்டியாக்கும்?"

முன் இருக்கையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் ஒரகடம் மேம்பாலத்துக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு நின்றிருந்தது. அவள் கேலிதான் செய்தாள். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போயிருந்தாள். நான் முதல் வருட நேர்முகத்தை நினைத்துப் பார்த்தேன். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததற்கு வாய் திறக்காதே. ஓட்டல் அறைக்குள் நான் போனதே ஆடிட்டுக்குத்தான். விலை பார்க்க வந்தவர்களுக்குக் காலிக் கூடத்தைக் காட்டிவிட்டு, பாராட்டவில்லையே என்று வீடு வந்திருந்தேன்.

சொல்வது என்று முடிவு செய்ததும் ஒரு சிக்கல் வந்தது. கதை என்னுடையது மட்டுமல்ல. என் விண்ணப்பத்தில் ஆலையின் பெயர் இருக்கிறது. மேனேஜரிடம் போய்க் கேட்டேன்.

"லாரி விஷயத்தை இன்டர்வியூல சொல்லலாமா சார்?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் வேண்டாம்னா?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டி உனக்குக் கிடைக்காதுன்னு நினைக்கிற."

"ஆமா சார்."

"கிடைக்கலைன்னா எனக்கு குஜராத்துக்கு ஆள் கிடைக்கும்." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "பாதிக் கதை சொல்லாத. சொன்னா, ரெட் ஏரியா வரைக்கும் சொல்லு. அதுக்கு நாம வாங்கின அடியையும் சேர்த்துச் சொல்லு."

ரெட் ஏரியா என்பது விற்பனைக்குப் பிறகு நான் கேட்டு வாங்கிய ஒன்று. கூடத்திலேயே ஒரு மூலையைச் சிவப்புக் கோட்டால் பிரித்து, மறுவேலைச் சரக்கு முழுவதையும் அங்கே, எல்லாரும் பார்க்கும்படி வைத்தோம். லாரி கிடையாது. அதற்குப் பிறகு வந்த முதல் ஆடிட்டில் ஆடிட்டர் அந்த மூலையில் நீண்ட நேரம் நின்றார், எங்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துக் கத்தினார். ஆனால் அந்த மூலையை அழிக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது நேர்முகமும் அதே ஓட்டலில். இந்த முறை ஒரு பேராசிரியரும், முதலீட்டு வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவரும். ஆங்கிலத்தில்தான் பேசினோம். பேராசிரியர் முதலில் கேட்டார்: "தொழிற்சாலையில் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். எதற்கு நிதி?"

மூன்று காரணங்கள் நாக்கு நுனிவரை வந்தன. "ஒரு லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்," என்றேன்.

சொன்னேன். வரிசை சரியாக வரவில்லை; புளியமரத்தை முன்னாலேயே சொல்லிவிட்டு, விதியை விளக்கப் பின்னால் போக வேண்டியிருந்தது. மீதிச் சரக்கு எங்கே என்று தணிக்கைக்காரர் கேட்ட இடத்தில் பேராசிரியர் சிரித்துவிட்டார். வங்கிக்காரர் சிரிக்கவில்லை.

"அதாவது உங்கள் ஆலை வாடிக்கையாளரிடம் சரக்கை மறைக்கும் ஆலை," என்றார்.

"மறைத்தது. ஆமாம்."

"நீங்களும் உடன் இருந்தீர்கள்."

"இருந்தேன். அதைத் தயாரிப்பு என்றுதான் நினைத்தோம்."

"நாளை நீங்கள் ஒரு கம்பெனியை விற்கிறீர்கள். விற்பவர் உங்கள் வாடிக்கையாளர். அவர் ஒரு குவியலை லாரியில் ஏற்றச் சொல்கிறார். என்ன செய்வீர்கள்?"

இதற்கு நான் தயாரித்து வரவில்லை. தயாரிக்கக்கூடியதும் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். ரெட் ஏரியாவைச் சொன்னேன். மதிப்பெண் குறைந்ததைச் சொன்னேன். "அந்தக் குவியலைக் கூடத்திலேயே வைத்து, அதற்கு என்ன விலை என்று சொல்லச் சொல்வேன். விலை குறையும். ஆனால் வாங்குபவர் பிறகு கண்டுபிடித்தால் எல்லாச் சரக்கையும் சந்தேகப்படுவார். எங்களுக்கு அன்று அதுதான் நடந்தது. நல்ல சரக்கையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள்."

"நீங்கள் சொல்வதை விற்பவர் கேட்காவிட்டால்?"

"தெரியவில்லை," என்றேன். "என் மேனேஜர் கத்தினார், ஆனால் கேட்டார். கேட்காதவரோடு எனக்கு இன்னும் அனுபவம் இல்லை."

வங்கிக்காரர் ஏதோ எழுதிக்கொண்டார். பேராசிரியர், நின்றுபோன மாடலின் சட்டத்துக்கு இரும்பு விலை மட்டும்தானா, உதிரிபாகமாக விற்க முடியாதா என்று கேட்டார். அதைப் பற்றி அப்புறம் மூன்று பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். கதவருகே காத்திருந்த அடுத்த பையன் இரண்டு முறை எட்டிப்பார்த்தான். வெளியே வந்து கதவைச் சாத்தும்போது அவர்கள் இன்னும் என் விண்ணப்பத்தைத்தான் வைத்திருந்தார்கள். அதற்குப் பொருள் எதுவும் இல்லை என்று வழி முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

முடிவு வந்த நாளில் கூடத்தில் ஆடிட். அங்கே கைபேசிக்கு அனுமதி இல்லை; என்னுடையது பெட்டகத்துக்குள் கிடந்தது. நான் ஆடிட்டரோடு ரெட் ஏரியாவில் நின்று, ஒவ்வொரு தொட்டியாகக் காட்டி, கேட்டதற்கும் கேட்காததற்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதுதான் எடுத்துப் பார்த்தேன். மின்னஞ்சலின் முதல் வரியிலேயே வாழ்த்து இருந்தது. கேன்டீன் வரிசையில் நின்றபடியே இன்னொரு முறை படித்தேன்.

வெல்டிங் லைன்காரி தட்டோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா, கிடைச்சிட்டா?"

"கிடைச்சிருச்சு."

"அப்ப பஸ்ல ஜன்னல் சீட்டு எனக்கு," என்றாள். "இந்தா, அப்பளம் ரெண்டா வச்சுக்க," என்று தன்னுடையதை என் தட்டில் போட்டாள்.

மேனேஜரிடம் சொன்னேன். கை குலுக்கினார். "குஜராத்துக்கு இனி யாரைத் தேடறது," என்றார், என்னிடம் கேட்பதுபோல அல்லாமல்.

அப்பாவுக்கு அழைத்தேன். "சரி. படப்பை புரோக்கரு எல்லாம் இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்," என்றார். அதோடு கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

கைபேசியைத் திரும்பப் பெட்டகத்தில் வைக்கப் போகும்போது லாரி ஓட்டுநரிடமிருந்து அழைப்பு வந்தது. விற்பனைக்கு முந்தைய ஆடிட் நாட்களில் எல்லாம் அவருக்குத்தான் சவாரி.

"மேடம், இன்னிக்கி ஆடிட்டுன்னு கேள்விப்பட்டேன். வண்டி வாணாமா?"

"வேணாம்ண்ணே. இப்பல்லாம் எதையும் வெளிய அனுப்பறதில்ல."

"நல்ல விஷயந்தான். அந்தப் புளியமரத்துக்கு அடியில மட்டும் நல்லா காத்து வரும் மேடம்."

"வரும்ண்ணே," என்றேன். பெட்டகத்தைப் பூட்டிவிட்டுக் கூடத்துக்குப் போனேன். ஆடிட்டர் சிவப்புக் கோட்டுக்கு அருகே காத்துக்கொண்டிருந்தார்.